அட்ஜுதானின் வலது கன்னம்

தெசிரே புவாதென் தெற்குக் கடற்கரையிலுள்ள எங்கள் ஊரான போர் கஸியெனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகியும், ஊரில் ஓர் ஆள் அவர் கன்னத்தோடு கன்னம் வைத்ததில்லை. கை கொடுப்பார்கள். அதுவும் எப்படி? முழங்கையை மடக்காமல், துடுப்பால் படகைக் கரையிலிருந்து தள்ளுகிற மாதிரி நீட்டிக்கொண்டு. மீன் விற்கிறவள் முதல் மேயர் வரை ஒருவரையொருவர் கண்ட மாத்திரத்தில் கன்னம் உரசிக்கொள்கிற ஊர் இது. ஆண்களும் அப்படித்தான். காலையில் வலைக்காகச் சண்டை போட்டவர்கள் மத்தியானம் கன்னம் உரசிவிட்டுத்தான் அடுத்த சண்டையை ஆரம்பிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதருக்குப் பதினோரு வருடம் வெறும் கை மட்டும் கிடைத்தது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

அவர் அட்ஜுதான். அதாவது துறைமுகத்துக்கு மேலே இருக்கிற போலீஸ் நிலையத்துக்கும் அதிலுள்ள ஐந்து ஆட்களுக்கும் தலைவர். வடக்கே பிக்கார்தியில் பிறந்தவர். மழையும் சேறும் பீட்ரூட் வயலும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். அப்பாவின் நிலம் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் காணும். இவர் மூன்றாவது. உலகப் போர் முடிந்ததும் போலீஸில் சேர்ந்தார். ஐந்து ஊர் மாற்றி ஆறாவதாக எங்களிடம் அனுப்பினார்கள். வந்த முதல் நாள் கடலைப் பார்த்துவிட்டு, "இது தினமும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாராம். தினமும் இப்படித்தான் என்று சொன்னதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். அன்றைக்கே இந்த ஊர் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர்தான் ஊரைப் பிடிக்க முடியாமல் தவித்தார்.

ஆள் நல்ல உயரம். சிவந்த காது, அளவெடுத்து வெட்டிய மீசை. பேசுவதற்கு முன்னால் இரண்டு விரலால் தொப்பியின் விளிம்பைத் தொட்டு நேராக்கிக்கொள்வார். தொப்பி ஏற்கெனவே நேராகத்தான் இருக்கும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மிஸ்த்ரால் காற்று பேயாட்டம் ஆடிய ஒரு பிப்ரவரியில் கயிறு அறுந்து போன மூன்று படகுகளை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இழுத்துக் கட்டியவர். எங்கள் ஆட்கள் அதற்கு நன்றி சொன்னார்கள். கை கொடுத்தார்கள். முழங்கையை மடக்காமல்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு தேவாலயத்துக்குப் பக்கத்தில், மர நிழலில், ஆண்கள் இரும்புக் குண்டு விளையாடுவார்கள். அட்ஜுதான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்ப்பார். "வந்து ஒரு ஆட்டம் போடுங்க" என்று யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் என்ன செய்வது என்று முன்ஜாக்கிரதையாக அவர் மூன்று குண்டு வாங்கி வைத்திருந்தார். போலீஸ் குடியிருப்பின் பின்கட்டில், துணி காயப்போடுகிற கொடிகளுக்கு நடுவே, தனியாகப் போட்டுப் பழகுவார். அவருடைய மனைவி ஜெர்மேன் சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்ப்பாள். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஜன்னலைப் படாரென்று சாத்திவிடுவாள்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. யாரையும் பதிவேட்டுப் பெயரால் கூப்பிடுவதில்லை. ரொட்டிக் கடை நோரினுக்கு 'ரேடியோ' என்று பெயர். குண்டு வீசுவதற்கு முன்னால் கால்மணி நேரம் யோசிக்கிற படகுத் தச்சன் தொனானுக்கு 'நிதானம்'. பாதிரியாருக்குக்கூட ஒன்று உண்டு, அதை இங்கே எழுத முடியாது. பட்டப்பெயர் இல்லாதவன் கோடைக்கு வந்து போகிறவன் என்று அர்த்தம். அட்ஜுதானுக்கு எல்லாருடைய பட்டப்பெயரும் மனப்பாடம், இல்லாவிட்டால் ஒரு புகாரைக்கூட விசாரிக்க முடியாது. அவருக்கு மட்டும் பெயர் இல்லை. பதினோரு வருடமும் 'அட்ஜுதான்'தான். ஜெர்மேனும் வெறும் 'அட்ஜுதான் சம்சாரம்'தான்.

அடுத்த ஏப்ரலில் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்துவிட வேண்டும். அவருக்கு இந்த ஊரிலேயே இருந்துவிட ஆசை. ஜெர்மேனுக்கு இல்லை. பிக்கார்தியில் அவள் தம்பி ஒக்தாவ், தன் வயலோரமாக ஒரு வீடு காலியாக இருக்கிறது, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குள் பதில் எழுதுங்கள், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தான்.

"ஒரே ஒரு வீடு காட்டு, தெசிரே" என்றாள் ஜெர்மேன். "நீ யூனிபார்ம் இல்லாம போய்க் கதவைத் தட்டினா, உள்ள வந்து உட்காருன்னு சொல்ற ஒரே ஒரு வீடு. காட்டு, நான் இங்கயே இருந்துடறேன்."

அவர் காட்டவில்லை. காட்ட எதுவும் இல்லை.

இந்த நிலைமையில்தான், 1978 அக்டோபரில், கோடைக்கு வந்த கூட்டமெல்லாம் கிளம்பி அறைகள் காலியான பிறகு, நீஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கதை இதுதான். கடலோர ஊர் ஒன்றில் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வேற்றுக்கிரகவாசிகள் இறங்கி மனித உருவம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊர் போலீஸார் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, யார் மனிதன் யார் மற்றவன் என்று கண்டுபிடிக்க அலைகிறார்கள். அலைகிற வழியில் தண்ணீரில் விழுகிறார்கள், மீன் கூடைக்குள் விழுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். மற்றபடி பெரிய கதை ஒன்றும் இல்லை.

மாவட்டத் தலைமையிடத்திலிருந்து அட்ஜுதானுக்கு உத்தரவு வந்தது. படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த வேண்டும், சினிமா போலீஸ்காரர்களின் சீருடையில் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். முதல் நாளே போலீஸ் வேஷம் போட்ட ஆறு நடிகர்களையும் துறைமுகத்தில் வரிசையாக நிறுத்தி, விசில் கயிறு தவறான பக்கம் தொங்குகிறது, பித்தான் மங்கியிருக்கிறது என்று கண்டித்தார். அவர்கள் பயந்துபோய் விறைத்து நின்றார்கள். அவருடைய சொந்த ஆட்கள்கூட அப்படி நின்றதில்லை.

சினிமாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. வேற்றுக்கிரகவாசிகளைப் பார்வையாளர்கள் அடையாளம் காணப் பச்சைக் காது ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் அக்டோபர் வெயிலைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பசை உருகிக் காதுகள் உதிர்ந்தன. ஒரு காது உணவகத்தில் மீன் சூப்பில் கிடைத்தது. இயக்குநர் வால்மோரெல் வேறு அடையாளம் தேடி ஊரெல்லாம் சுற்றினார். ரொட்டிக் கடையில் ரேடியோவிடம் புலம்பினார். அவள் ஏதோ சொன்னாள். மனிதர் ரொட்டியைக்கூட எடுக்காமல் ஓடினார் என்று கேள்வி.

புதன்கிழமை காலை அட்ஜுதான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒத்திகையைப் பார்த்தார். மார்செய்காரரான பெலிசியென் என்ற நடிகர் வேற்றுக்கிரகவாசி. போலீஸ் அதிகாரியின் உருவத்தைத் திருடிக்கொண்டு வந்து, ஊர் மக்களுக்குக் கன்னம் உரசி வணக்கம் சொல்லப் போகிறார். அவருக்கு மனிதர்களைப் பற்றி எல்லாம் தெரியும், எந்தக் கன்னத்தை முதலில் நீட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியாது. எல்லாரும் இடது கன்னத்தை நீட்ட, இவர் வலது கன்னத்தோடு வருகிறார். மூக்கோடு மூக்கு மோதுகிறது. அதுதான் அடையாளம். கூட்டமாக நிற்கிற துணை நடிகர்களுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது, அவர்களெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள்தான்.

அட்ஜுதானும் சிரிக்கத்தான் பார்த்தார். அப்போது பெலிசியென், பேசுவதற்கு முன்னால், இரண்டு விரலால் தொப்பியின் விளிம்பைத் தொட்டு நேராக்கிக்கொண்டார். கூட்டம் இன்னும் சத்தமாகச் சிரித்தது. சிரித்துக்கொண்டே நாலைந்து பேர் ஓரக்கண்ணால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பார்த்தார்கள். அட்ஜுதானின் கை பாதி வழியில் தொப்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைக் கீழே இறக்கினார். காது இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி ஆகிவிட்டன.

வீட்டுக்குப் போய் ஜெர்மேனிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம், அவருக்கு மறைக்கத் தெரியாது. அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"பதினோரு வருஷமா உன்னைத் தள்ளி வச்சாங்க. இப்ப சினிமாவுல வேற வச்சுச் சிரிக்கிறாங்க. இதுக்கு மேல உனக்கு என்ன சொல்லணும்? நான் ஒக்தாவுக்கு எழுதிடறேன்."

"கல்லறைத் திருநாள் வரைக்கும் பொறு" என்றார் அவர். எதற்காகப் பொறுக்கச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை ரொட்டிக் கடைக்குப் போனார். கடையில் வேறு யாரும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மதாம் நோரின், ஒண்ணு கேக்கணும். போலீஸா கேக்கல. அந்த சினிமாக்காரர்கிட்ட என்னைப் பத்திச் சொன்னது நீங்கதானே?"

ரேடியோவுக்குப் பேசத் தெரியும், பொய் சொல்ல வராது. "நான்தான். கேட்டாரு, சொன்னேன்."

"இந்த ஊருக்கு என் மேல இவ்வளவு வெறுப்புன்னு எனக்குத் தெரியாம போச்சு."

அவள் கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்தாள். நிஜமாகவே திடுக்கிட்டுப் போனாள்.

"வெறுப்பா? யாருக்கு? நீங்க வந்த முதல் ஞாயித்துக்கிழமை மேயர் வீட்டு விருந்து ஞாபகம் இருக்கா? நான் இடது கன்னத்தை நீட்டிக்கிட்டு வந்தேன். நீங்க வலது கன்னத்தோட வந்தீங்க. உங்க மூக்கு என் மூக்குல. உங்க தொப்பி விளிம்பு என் கண்ணாடியில. கண்ணாடி சூப்புல. எனக்குப் பின்னால நிதானம் நின்னான், அவனுக்கு உதடு கிழிஞ்சுது. அவனுக்குப் பின்னால பாதிரியார், அவர் நிலைமை கடவுளுக்குத்தான் தெரியும்."

"அது ஒரு நாள் நடந்தது."

"ஒரு நாளா? அடுத்த மாசம் என் தங்கச்சி கல்யாணத்துல பொண்ணோட மூக்குலயே ரத்தம். அதுக்கப்புறம்தான் எல்லாருமா பேசி முடிவு பண்ணோம், அட்ஜுதான் வந்தா தள்ளி நின்னு கையை மட்டும் நீட்டணும்னு. போலீஸுக்குப் பயந்து இல்ல, ஐயா. மூக்குக்குப் பயந்து."

பிக்கார்தியில் எல்லாரும் வலது கன்னத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அவருடைய அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும். உலகமே அப்படித்தான் என்று ஐம்பத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தார். போலீஸ் உத்தியோகத்தில் ஊர் ஊராகப் போனாலும் மற்ற இடங்களில் ஆண்கள் கை கொடுப்பதோடு சரி, தெரிந்துகொள்ள வழி இல்லை.

"ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? போலீஸ் நிலையத்துக்கு வந்து, உங்களுக்கு முத்தம் குடுக்கத் தெரியலைன்னு புகார் குடுக்கவா?"

பதினோரு வருடம் நெஞ்சில் சுமந்த கல் ஒரு மூக்கு விஷயமா என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, ரொட்டி வாங்காமல் வெளியே வந்தார். வெளியே வந்ததும் அழுகை போய்விட்டது. துறைமுகம் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

துறைமுகத்தில் இயக்குநர் வால்மோரெல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒத்திகையில் சரியாக வந்தது காமெராவுக்கு முன்னால் வரவில்லை. பெலிசியென் மார்செய்காரர், பால்குடி மறக்காத நாளிலிருந்து இடது கன்னம். வேகமாகப் போனால் உடம்பு தானாகச் சரியான பக்கம் திரும்பிவிடுகிறது. யோசித்துப் போனால், குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கிறவர் மாதிரி தயங்குகிறார், மோதல் வரவில்லை, உரசல்தான் வருகிறது. வேறு யாரையாவது போட்டுப் பார்த்தார்கள். விளக்குப் பிடிக்கிறவர் முதல் சமையல்காரர் வரை எல்லாரும் தெற்கத்திக்காரர்கள். பதினேழு தடவை எடுத்தாயிற்று.

"தப்பு பண்றோம்னு தெரிஞ்சு பண்ணா தப்பா தெரியல" என்று வால்மோரெல் புலம்பினார். "தான் பண்றதுதான் சரின்னு முழுசா நம்பணும். அப்படி ஒரு ஆளுக்கு நான் எங்க போவேன்?"

கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "அவர் மூக்கைப் பாக்கறாரு. அதான் தப்பு. எதிர்ல வர்றவங்க காதைப் பாக்கணும்."

எல்லாரும் திரும்பினார்கள். அட்ஜுதான் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். பதினோரு வருடத்தில் அவர் ஒரு கயிற்றைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. "யூனிபார்ம்ல நான் நடிக்கக் கூடாது, சட்டம் இருக்கு. காட்டித் தரலாம். அதுக்குத் தடை இல்ல" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "யாராவது வாங்க."

யாரும் வரவில்லை. பதினோரு வருடப் பழக்கம். ஒவ்வொருவரும் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அப்போது கையில் மாவோடு கடையிலிருந்து பின்னாலேயே ஓடிவந்திருந்த ரேடியோ, கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். இடது கன்னத்தை நீட்டினாள். அட்ஜுதான் அவள் காதைப் பார்த்தார், முழு நம்பிக்கையோடு, பிக்கார்தி மொத்தமும் பின்னால் நிற்கிற தைரியத்தோடு, வலது கன்னத்தைக் கொண்டுபோனார். மோதின சத்தம் கயிறு வரை கேட்டது. தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்தது.

முதலில் சிரித்தது அட்ஜுதான். அப்புறம் துறைமுகமே சிரித்தது.

பெலிசியெனுக்குப் பிடிபடவில்லை, இன்னொரு தடவை காட்டச் சொன்னார். நிதானம் வந்தான், வழக்கப்படி யோசித்து யோசித்து. வந்ததும் மோதினான். மேயர் வந்தார். பாதிரியார் வந்தார். மீன்காரிகள் வரிசையில் நின்றார்கள், வரிசையில் நிற்பது அவர்களுக்குப் பிறவியிலேயே பிடிக்காத விஷயம். ஒவ்வொருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். பெலிசியென் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார், அதை யாரும் கவனிக்கவில்லை. பதினோரு வருடத்துக் கணக்கு அன்று ஒரே காலையில் தீர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் கூடையும் லீக் கீரையுமாக ஜெர்மேன் அந்தப் பக்கம் வந்தாள். புருஷன் தலையில் தொப்பி இல்லை, மூக்கு வீங்கியிருக்கிறது, ஊரே சுற்றி நின்று சிரிக்கிறது. அவள் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அட்ஜுதான் அதைக் கவனித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வழக்கம்போல மர நிழலில் ஓரமாக நின்றார். நிதானம் ஒரு குண்டை வீசுவதற்காகக் குனிந்தவன், நிமிர்ந்து, நெடுநேரம் யோசித்து, சொன்னான்.

"செவ்வாய்க்காரா, சும்மா நிக்கிறியே, எங்களுக்கு ஒரு ஆள் குறையுது. குண்டு இருக்கா, இல்ல என்னோடதைத் தரவா?"

அட்ஜுதான் பின்னால் திரும்பிப் பார்த்தார், யாரைக் கூப்பிடுகிறான் என்று. பின்னால் மரம்தான் இருந்தது. போய்க் குண்டுகளைக் கொண்டுவருவதற்குள் இரண்டு தடவை தடுக்கி விழப்போனார். மோசமாக ஆடினார். கொடிகளுக்கு நடுவே பழகியதால் எல்லாக் குண்டும் தூரம் போதாமல் பாதியில் நின்றன. தோற்றார்கள். நிதானம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டி முடித்துக் கன்னத்தை நீட்டினான், வலது கன்னத்தை, அவருக்காக. அவரோ அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டதை நினைவில் வைத்து இடது கன்னத்தை நீட்டினார். மறுபடியும் மோதியது.

வீட்டில் ஜெர்மேன் எதுவும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவமானத்தில் அவள் மனது முறிந்துவிட்டது, கடிதம் எழுதிவிட்டாள் என்றே முடிவு செய்துகொண்டார். ஊர் கிடைத்த வாரத்திலேயே ஊரை விட வேண்டியதாகிவிட்டதே என்று உள்ளுக்குள் குமைந்தார். தினமும் ஐந்து மணிக்குப் போய் விளையாடினார், கடைசி வாரம் விளையாடுகிற மாதிரி. சினிமாக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கப் போன ஜெர்மேன் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"கடை நிறைய ஜனம். அந்த நோரின் அங்கேருந்தே சத்தம் போடறா, 'ஏ செவ்வாய்க்காரி, உனக்கு என்ன வேணும்'னு."

அட்ஜுதானுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "நீ என்ன சொன்ன?"

"ரெண்டு ரொட்டி குடுன்னேன்." மேஜையிலிருந்த ரொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்புறம் கன்னத்தை நீட்டினா. எனக்கும் நம்ம ஊர்ப் பழக்கம்தானே? இடிச்சுக்கிட்டோம். கடையே சிரிச்சுது. எனக்குக் கோபம் வரும்னு நெனச்சேன், தெசிரே. வரவே இல்ல. உள்ள கூப்பிட்டு உட்கார வச்சா. காபி குடுத்தா."

"ஒன்றரை மணி நேரமா காபி குடிச்ச?"

"அவ மச்சினன் வீட்டு மாடியில ரெண்டு ரூம் காலியா இருக்காம். போய்ப் பாத்தேன். சமையல்கட்டுக்குக் காலையில வெயில் வருது. படிதான் கொஞ்சம் செங்குத்து." கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அன்னைக்குத் துறைமுகத்துல உன்னைப் பாத்தேனே, கல்யாணம் ஆனதிலேருந்து நீ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. வீட்டுக்கு வந்து அழுதேன். ஒக்தாவுக்கு நீயே எழுது. எனக்கு எழுத வெட்கமா இருக்கு."

அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருடமாகப் போலீஸ் அறிக்கை தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லாத மனிதர். தேதி போட்டார், நேரம் போட்டார், கீழே கையொப்பமிடும் நானும் என் மனைவியும் என்று ஆரம்பித்தார். இரண்டு வரிக்கு மேல் அறிக்கை ஓடவில்லை. பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் வழியே வெகுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு, "ஒக்தாவ், நாங்கள் வரவில்லை. இங்கே எங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்" என்று எழுதினார்.

ஜெர்மேன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொல்லி அடியில் ஒரு வரி தானே எழுதிச் சேர்த்து, மடித்து, தபால்தலை ஒட்டினாள்.